பரீட்சை முடியட்டும்

என் தம்பி செத்த அன்று காலை ஐந்தரை மணிக்கு என் மகள் கூடத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் இரண்டாம் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ. போன் அவள் பக்கத்தில்தான் இருந்தது. அது அடித்ததும் கையை நீட்டினாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்து நான் எடுத்தேன். ஏன் அப்படி ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நேரத்துக்கு வரும் போன் நல்லதுக்கு இல்லை என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேசியது ஊரிலிருந்து என் பெரியப்பா மகன். "தம்பி கொஞ்சம் சீரியஸா இருக்கான்மா. உடனே கிளம்பி வா."

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நிஜமாகவே உடம்பு மோசம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். வெறும் சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது. "எப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

"நாலு மணி இருக்கும். நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்தான். அவ்வளவுதான்."

மகள் பேனாவைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "யாரும்மா?"

"ஆபீஸ்லேர்ந்து. ஆடிட் வருதாம். சீக்கிரம் வரச் சொல்றாங்க."

காலை ஐந்தரை மணிக்கு எந்த ஆபீஸிலிருந்து போன் வரும் என்று அவள் கேட்கவில்லை. திரும்பவும் புத்தகத்துக்குள் போய்விட்டாள். பின்னால் மறைக்கச் சொல்லி எங்கள் அப்பா சொன்னார், ஊர் சொன்னது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் பொய்யை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் வாயிலிருந்து தானாக வந்தது.

தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர். சொந்தமாக ஒரு வேன் வைத்து மல்லாட்டை, வேர்க்கடலைதான், மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் அந்த வேன் நிற்கும். மகளை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மேடம்தான். அவள் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றி, ஊரிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தான். "பிளஸ் டூ முடிங்க மேடம், காலேஜுக்கு இந்த வண்டியிலதான் கொண்டுபோயி இறக்குவேன்" என்பான். "மல்லாட்ட மூட்டையோடவா?" என்று அவள் கேட்பாள். "மூட்ட மேல உக்காத்தி வெச்சி."

ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் சாயந்திரம் எங்கிருந்தாவது போன் செய்வான். "மேடம், பேனாவுல மசி இருக்குதா?" அவ்வளவுதான் கேட்பான். அவள் சிரிப்பாள். வைத்துவிடுவான். செத்ததற்கு முந்தின சாயந்திரமும் கேட்டான்.

என் வீட்டுக்காரரிடம் கொல்லைப்புறத்தில் வைத்துச் சொன்னேன். அவர் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "நான் புள்ளய பரீட்சைக்கு உட்டுட்டு வர்றேன். நீ போ" என்றார்.

எங்கள் ஊரில் துக்க வீட்டுக்குள் நுழையும் பெண் நேராகப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வட்டத்துக்குப் போவாள். அங்கிருப்பவர்கள் அவளைத் தோளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். யாருக்காக அழுகிறோம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. செத்தவன் என் தம்பி. என் வலது பக்கத்தில் சித்தி, பாம்பு கடித்துப் போன தன் மகனைச் சொல்லி அழுதாள். அவன் போய்ப் பத்து வருஷம் இருக்கும். இடது பக்கத்தில் ஒருத்தி, தாலி கட்டிய ஒரே வருஷத்தில் போன புருஷனைத் திட்டித் திட்டி அழுதாள். அது தப்பில்லை. பாதிப் பேர் வருவதே அதற்குத்தான். வீட்டில் உட்கார்ந்து தனியாக அழுதால் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். இங்கே அழுதால் கூட நாலு கை பிடித்துக்கொள்கிறது.

என்னையும் இழுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் சாயந்திரம் நான் வீட்டுக்குப் போக வேண்டும். கண் வீங்கியிருந்தால் அவள் கேட்பாள். தொண்டை கட்டியிருந்தால் கேட்பாள். அழுகை மேலே வரும்போதெல்லாம் எச்சிலை விழுங்கினேன். நிமிர்ந்து சுவரில் மணி பார்த்தேன். ஒன்பதரை, ஹாலுக்குள் போயிருப்பாள். பத்தே கால், எழுத ஆரம்பித்திருப்பாள். என் கழுத்தைக் கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. "கூடப் பொறந்தவ கண்ணுல தண்ணி வருதா பாரு. ஆபீஸ்காரிக்கு மணி பாக்கவே நேரம் செரியா இருக்குது."

அப்பா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஈயை விசிறிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "புள்ளைக்கு சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. பரீட்சை முடியட்டும். இவன் திரும்பி வரப்போறதில்ல. அவளுக்கு இந்த பரீட்சை போச்சுன்னா அதுவும் திரும்பி வராது."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. நான் செய்தது பொய் இல்லை, பெரியவர்கள் எடுத்த முடிவு என்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் பத்தே முக்காலுக்கு பைக்கில் வந்தார். மாலை போட்டார், மச்சான் முகத்தைத் தொட்டார், பன்னிரண்டு மணிக்குப் பம்புசெட்டில் தலையோடு குளித்தார், போய்விட்டார். ஒரு மணிக்கு அவள் ஹாலைவிட்டு வரும்போது வாசலில் நிற்க வேண்டும். நான் உடலை எடுக்கும்வரை இருந்தேன். அப்பா வீட்டிலேயே குளித்து, ஆபீஸுக்கென்று கட்டிவந்த அதே மாதிரி ஒரு புடவையை உடுத்தி, ஆறு மணிக்கு வேங்கிக்கால் வந்து சேர்ந்தேன்.

மகள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "அம்மா, அப்பாவ பாத்தியா? மத்தியானம் தலையெல்லாம் ஈரமா வந்து நிக்கறாரு. கேட்டா தண்ணி லாரி மேல தெளிச்சிடுச்சாம். பேன்ட்டு நனையல, சட்டை நனையல, தலை மட்டும்! அது எந்த ஊரு லாரிம்மா?"

நானும் சிரித்தேன். என் தம்பி எரிந்துகொண்டிருந்தபோது நான் சிரித்தேன். இந்த வரிக்கு அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அதற்குப்பின் பதினெட்டு நாள். பால் தெளிக்க ஊருக்குப் போனது ஆடிட். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனதும் ஆடிட். அடுத்த தாளுக்கு முந்தின சாயந்திரம் போன் வரவில்லை. "மாமா இன்னா மறந்துட்டாரா?" என்றாள். ஆந்திரா பக்கம் லோடு போயிருக்கிறான், அங்கே போன் பூத் கிடையாது என்றேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் தோழியோடு பெரிய கோயிலுக்குப் போய் வந்தாள். காகிதத்தில் மடித்த விபூதியை என் கையில் கொடுத்தாள். "இது மாமாவுக்கு. நாளைக்கி யாராவது ஊருக்குப் போனா குடுத்து அனுப்பு. வண்டியில வெச்சிக்கட்டும்." கைப்பைக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டாள், "குடுத்தியா?" "குடுத்தேன். நெத்தி நெறய பூசிக்கினான்" என்றேன்.

பொய் சொல்கிறவளுக்கு எவ்வளவு சொல்வது போதும் என்று தெரிவதில்லை. குடுத்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

ராத்திரியில் அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். பகலில் யாராவது தெருவில் பார்த்து, "தம்பிக்கு இப்படி ஆயிடுச்சாமே" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். காய் வாங்கக்கூட அவளை அனுப்பவில்லை. வாசலில் பேச்சுக் குரல் கேட்டால் நான் முதலில் போய் நின்றேன். அந்தப் பதினெட்டு நாளில் தம்பியைப் பற்றி நான் உட்கார்ந்து யோசித்தது பத்து நிமிஷம்கூட இருக்காது. காவல் காத்தேன், அவ்வளவுதான்.

கடைசிப் பரீட்சை அன்று மத்தியானம் வந்தாள். பரீட்சை அட்டையைக் கட்டிலில் வீசினாள். "முடிஞ்சிது! மாமா எந்த ஊர்ல இருந்தாலும் சரி, இப்ப பேசியே ஆவணும்" என்று போனிடம் போனாள்.

மாவட்டம் பிரிந்த வருஷத்திலிருந்து நான் தாலுகா ஆபீஸில் இருக்கிறேன். வாரிசு சான்று கேட்டு வரும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். காலமாகிவிட்டார், இயற்கை எய்தினார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார் என்று விதவிதமாக எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதத் தெரியாதவர்கள் எதிரில் நின்று, "எங்க வூட்டுக்காரரு இல்லீங்க" என்பார்கள். எல்லாவற்றையும் நான் ஒரே சொல்லாக மாற்றிக் கோப்பில் எழுதுவேன். என் மகள் போனைக் கையில் எடுத்தபோது அதில் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை.

"மாமா சீரியஸா இருக்கான்டி" என்றேன்.

போனை வைத்தாள். "எந்த ஆஸ்பத்திரி?" அவள் பதினேழு வயசுப் பெண், டவுனில் வளர்ந்தவள். ஊர்ப் பேச்சு அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் பிளாஸ்க்கைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். "மாமாவுக்கு ஆஸ்பத்திரி காபி புடிக்காது. அம்மா, பால் இருக்குதா?"

பால் இருந்தது. அடுப்பில் வைத்தேன். நிஜமாகவே வைத்தேன்.

அவள் அப்பாதான் அடுப்பை அணைத்தார். "வேணாம்மா. மாமா போயிட்டாரு."

"எப்போ?"

"பதினெட்டு நாளாச்சி."

அவள் விரலால் தாள்களை எண்ணிப் பின்னால் போனாள். உயிரியல், வேதியியல், கணக்கு, இயற்பியல். நின்றாள். "இங்கிலீஷ் செகண்ட் பேப்பர்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "தண்ணி லாரி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. பிளாஸ்க்கைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். "விபூதி பூசிக்கினாருன்னு சொன்னியே" என்றாள் என்னிடம்.

மறுநாள் ஊருக்கு அழைத்துப்போனேன். அவள் போய் நின்ற வீட்டில் பந்தல் இல்லை, வட்டம் இல்லை. தம்பி பெண்சாதி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "வாம்மா, பரீட்சையெல்லாம் நல்லா எழுதினியா?" என்றாள். தம்பியின் படத்தில் போட்டிருந்த மாலை காய்ந்து சருகாயிருந்தது. எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். இவளைக் கட்டிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் கை போகவில்லை. மாமாவுக்கு எந்தச் சட்டை போட்டீர்கள், தலை எந்தப் பக்கம் வைத்தீர்கள், வேன் அப்போது எங்கே நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதில் சொன்னார்கள். சாப்பிடச் சொன்னார்கள். கிளம்பும்போது, "போயிட்டு வரேன் அத்த" என்றாள். துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது, சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். ஆனால் அது துக்க வீடாக இருந்த காலம் முடிந்துவிட்டது. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மார்க் நன்றாக வந்தது. "பாத்தியா, சொல்லியிருந்தா இந்த மார்க் வருமா?" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவள் முன்னாலேயே சொன்னார்கள். சென்னைக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. வேனை விற்றுவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் போனோம்.

ஹாஸ்டலுக்கு நான் போன் செய்தால் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா ஆச்சு?" ஒன்றுமில்லை என்பேன். "உண்மையா?" உண்மை. "அப்பாகிட்ட குடு." அவர் பேச வேண்டும். "தாத்தா?" நேற்றுப் பேசினேன், நன்றாக இருக்கிறார் என்பேன். அடுத்த நிமிஷம் ஊருக்கே போன் போட்டுத் தாத்தா குரலைக் கேட்பாளாம். அப்பா என்னிடம் சலித்துக்கொண்டார். "எதுக்கு என்ன தெனம் கூப்புட்டு, பேசு தாத்தா பேசு தாத்தான்றா? நான் இன்னா ரேடியோவா?" லீவில் வந்தால் நடு மத்தியானத்தில் தூங்கும் அவள் அப்பாவின் பக்கத்தில் போய் நிற்பாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழுதும் பார்க்கவில்லை. ஒருநாள் அவள் தட்டில் சோறு அப்படியே இருக்க, நான் என்னென்னவோ கேட்டேன். "நான் நல்லாத்தான் இருக்கேன். நீ சொன்னா நான் நம்பணும், நான் சொன்னா நீ நம்பமாட்ட" என்றாள்.

மூன்றாவது வருஷம் சித்திரை வெயிலில் அப்பா செத்தார். காலையில் குளித்துவிட்டு வந்தவர் துண்டை உதறும்போது சாய்ந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பெரியப்பா மகன்தான் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்தான். நான் போனைத் தேடுவதைப் பார்த்து வந்தான்.

"யாருக்கு? புள்ளைக்கா? அவளுக்கு பரீட்சை நடக்குதுன்னு போன வாரம்தானே பெரியவரு சொன்னாரு."

"நாளைக்கி ஒரு பேப்பர் இருக்குது."

"அப்ப உடு. பரீட்சை முடியட்டும். இதுல யோசிக்க இன்னா இருக்குது? இவரே இருந்தா இதத்தான் சொல்லுவாரு. சொன்னவருதானே."

உண்மைதான். அப்பா இருந்தால் அதைத்தான் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்தேன். கட்டுப் போட்டிருந்த தாடையோடு இப்போதும் அதையே சொல்கிற மாதிரி இருந்தது. நாலு பேர் அவனோடு சேர்ந்து பேசினார்கள். அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவது எவ்வளவு சுலபம். ஒரு பேப்பர். அவள் வாழ்க்கை. எத்தனை காரணம் வேண்டும்?

எதிர்வீட்டுக்குப் போய் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். அவளைக் கூப்பிட்டு வர ஐந்து நிமிஷம் ஆனது. "இன்னா ஆச்சு?" என்றாள், எப்போதும் போல.

"தாத்தா செத்துட்டாரும்மா. இன்னிக்கி காலையில எட்டு மணிக்கு."

பெரியவர்கள் விஷயத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். எதிர்வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகள், "எப்ப எடுக்கறீங்க?" என்றாள்.

"நாளைக்கி உனக்கு பேப்பர் இருக்குது. வர்றதும் வராததும் உன் இஷ்டம். நீ வர்றதா இருந்தா வந்தப்புறம்தான் எடுப்போம்."

"வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பெரியப்பா மகன் கத்தினான். "இந்த வெயில்ல எத்தினி மணி வரைக்கும் வெச்சிருக்கறது? திண்டிவனம், செஞ்சின்னு பஸ் மாறி அவ எப்ப வர்றது?" பிறகு அவனே ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்பினான்.

நாலு மணிக்கு வந்தாள். தெருமுனையில் மேளம் வேகமெடுத்தது. யாரோ வருகிறார்கள் என்று எழுந்து பார்த்தோம். முதுகில் காலேஜ் பையோடு, மேளக்காரர்களுக்கு நடுவில் நடந்து வந்தாள். பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணாடி வழியாகத் தாத்தாவைப் பார்த்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். வட்டத்திலிருந்து சித்தி எட்டி அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள். பையோடு என்மேல் வந்து விழுந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் போடாத சத்தத்தில், "மாமா" என்றாள்.

ஒரு நிமிஷம் வட்டத்தில் அழுகை நின்றுவிட்டது. பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள். "இன்னாடி, செத்தது தாத்தா, இது மாமாவ சொல்லி அழுவுது?"

சித்தி திரும்பாமலேயே சொன்னாள். "ஆமா, நீ மட்டும் பெரியவருக்கா அழுவுற? உன் ஓடிப்போன மச்சானுக்குத்தானே இவ்ளோ நேரம் அழுத. சும்மா புடிச்சி அழு."

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மாமா மாமா என்று மூச்சு முட்ட அழுதாள். அப்பா எதிரில் கிடக்க, நானும் என் தம்பியின் பேரைச் சொல்லி அழுதேன். மணி எத்தனை என்று பார்க்கவில்லை.

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றியபோது அவளும் பிடித்தாள். தெருமுனை வரைக்கும் நடந்தாள். குளித்து, ஈரத்தலையோடு துக்க வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள், கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தாள்.

பஸ்ஸில் கேட்டாள். "அந்த விபூதிய இன்னா பண்ண?"

மூன்று வருஷத்தில் கைப்பை மாறிவிட்டது. ஆனால் அதை ஒவ்வொரு முறையும் எடுத்து அடுத்ததில் வைத்திருந்தேன். உள் ஜிப்பைத் திறந்து கொடுத்தேன். மடிப்பில் காகிதம் கிழிந்து பாதிக்குமேல் கொட்டியிருந்தது. அவள் பிரித்துப் பார்த்தாள், மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பேப்பர் அரியர் விழுந்தது. அடுத்த செமஸ்டரில் எழுதினாள். "பெரியவரு பேச்ச கேட்டிருந்தா இது வந்திருக்குமா?" என்று பெரியப்பா மகன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது அவள் வேலையில் இருக்கிறாள், வேறு ஊரில். கையில் செல்போன் வந்துவிட்டது. ஆபீஸில் மனுவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சில நாள் எனக்குக் காரணமில்லாமல் அவள் நினைவு வரும். கூப்பிடுவேன். மணி அடிக்கும் அந்த நாலைந்து நொடியில் அவள் நெஞ்சு என்ன பாடுபடும் என்று தெரியும். அதனால் எடுத்ததும் ஹலோகூடச் சொல்வதில்லை. "யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான்" என்றுதான் ஆரம்பிப்பேன்.

"சரிம்மா" என்பாள். முன்பு போல இன்னா ஆச்சு என்று கேட்பதில்லை. ஏதேதோ பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பேசினால் மட்டும், வைப்பதற்குமுன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்பாகிட்ட குடு" என்பாள்.

குடுக்கிறேன்.